ஒரே விளக்கில் இரண்டு பாசி

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வர இயலாதவர்களுக்காக எழுத்து வடிவில் தருகிறோம்.)



போன கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. தரைத்தள வரவேற்புக் கூடத்தில், லிஃப்ட்டுக்கு எதிரே காலியாகக் கிடக்கும் இடத்தில், பவளத்தோடு ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்தால் என்ன? பிள்ளைகளுக்குப் பிடிக்கும், வருகிறவர்களுக்கும் அழகாக இருக்கும். வைக்கலாமா கூடாதா என்று முடிவெடுப்பதற்கு முன், வீட்டில் பல வருடமாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறவர் என்ற முறையில் என்னைப் பேசச் சொன்னார் செயலாளர். இதற்கிடையில் நம் குடியிருப்பிலேயே இன்னும் சிலர் சிறிய தொட்டிகள் வாங்கிவிட்டார்கள். லிஃப்ட்டில் பார்க்கும்போதெல்லாம் அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "விளக்குப் போட்டால் பாசி மண்டுகிறது, விளக்கைக் குறைத்தால் பவளம் வாடுகிறது. என்னதான் செய்வது?"

கேள்வி சரியான கேள்வி. ஏனென்றால் அந்தத் தொட்டியில் இருப்பது ஒரு பாசி அல்ல, இரண்டு.

பவளம் பார்க்கச் செடி போலவோ கல் போலவோ இருந்தாலும் அது விலங்கு. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச்செல் பாசி குடியிருக்கிறது. பவளம் அதற்கு இடமும் தன் கழிவையும் தருகிறது. பாசி வெளிச்சத்தை வைத்துச் சமைத்த சர்க்கரையில் பெரும்பங்கை வீட்டுக்காரருக்கு வாடகையாகக் கொடுத்துவிடுகிறது. பல பவளங்களின் உணவில் பெரும்பகுதி இப்படி வருவதுதான். நாம் பார்க்கும் பழுப்பு நிறத்துக்கும் காரணம் அந்தக் குடித்தனக்காரர். தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் அவரைப் பவளம் வெளியேற்றிவிடும். உடனே வெள்ளை எலும்புக்கூடு தெரியும். அதைத்தான் பவளம் வெளுத்துப் போவது என்கிறோம். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறியபோது நடந்தது இதுவே.

ஆக, நீங்கள் விளக்குப் போடுவது பவளத்துக்காக அல்ல, அதற்குள் இருக்கும் பாசிக்காக. கண்ணாடியிலும் கல்லிலும் பச்சையாக முடி போல வளர்கிறதே, அது இன்னொரு பாசி. இரண்டுக்கும் பச்சையம் உண்டு, இரண்டுக்கும் அதே வெளிச்சம்தான் சோறு. விளக்கைக் குறைத்து வெளிப்பாசியைப் பட்டினி போட்டால் உள்பாசியும் பட்டினி கிடக்கும். வெள்ளையைக் குறைத்து நீலத்தைக் கூட்டினால் பாசி நின்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள். நீல வெளிச்சத்தில் பவளம் அழகாக மின்னும், உண்மைதான். ஆனால் பச்சைப்பாசியும் நீலத்தை நன்றாகவே சாப்பிடும். விளக்கு மட்டும் இந்த வழக்கைத் தீர்க்காது.

இரண்டு பாசிக்கும் வேறுபாடு வெளிச்சத்தில் இல்லை, உரத்தில் இருக்கிறது. பவளத்துக்குள் இருப்பது தன் வீட்டுக்காரரின் கழிவிலேயே காலம் தள்ளும். வெளியே இருப்பது தண்ணீரில் கரைந்திருக்கும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் நம்பித்தான் மண்டுகிறது. பிடிக்க வேண்டிய இடம் அதுதான்.

இது ஏதோ கண்ணாடித் தொட்டி சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 2019 ஆகஸ்ட் 18-ஆம் தேதி ராத்திரி நம்மில் பலர் திருவான்மியூர் கடற்கரைக்கு ஓடினோமே, அலை நீலமாக ஒளிர்கிறது என்று? பாலவாக்கம், ஈஞ்சம்பாக்கம் வரை தெரிந்தது. அன்று மின்னியது நாக்டிலூகா என்ற ஒற்றைச்செல் உயிர். பவளத்துக்குள் குடியிருக்கும் பாசிக்கு அது தூரத்து உறவு. கடலில் உரச்சத்து கூடும்போது இது பெருகும். நமக்கு அது ஒரு ராத்திரி வேடிக்கை. அடுத்த மாதமே மன்னார் வளைகுடாவில் அதே உயிர் பச்சைப் பாயாக விரிந்தபோது, தண்ணீரில் பிராணவாயு குறைந்து, பாம்பன் பக்கம் மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. அங்குள்ள தீவுகளை ஒட்டிப் பவளங்களும் மாண்டதைத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் பதிவு செய்தார்கள்.

அதற்கு முந்தைய கதை ஒன்றும் அங்கே உண்டு. காப்பாஃபைகஸ் என்று ஒரு கடற்பாசி. பிலிப்பைன்ஸ் பக்கத்துச் சரக்கு. ஐஸ்கிரீம், பற்பசை இவற்றைக் கெட்டியாக்கும் காராஜீனன் இதிலிருந்து கிடைப்பதால், மண்டபம் பக்கம் மிதவை கட்டி வளர்த்தார்கள். கரையோரப் பெண்கள் பலருக்கு அதில் பிழைப்பும் கிடைத்தது. அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் 2008-இல் குருசடைத் தீவில் அது உயிருள்ள பவளத்தின் மேலேயே படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். பாசி பவளத்தைக் கடிக்கவில்லை, விஷம் வைக்கவில்லை. மேலே போர்வை மாதிரிப் படுத்து வெளிச்சத்தை மறைத்தது. அடியில் இருந்த பவளம் செத்தது. வனத்துறையினர் ஆட்களை இறக்கிக் கையால் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. உங்கள் வீட்டு மூன்றடித் தொட்டியில் முடிப்பாசி பவளத்தின் மேல் சாய்வதும் இதே கதைதான், அளவு மட்டும் சிறியது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். உரம் எங்கிருந்து வருகிறது?

முதல் வழி, தண்ணீர். நம் சம்ப்பில் மெட்ரோ வாட்டர், போர் தண்ணீர், கோடையில் லாரித் தண்ணீர் எல்லாம் கலந்துதான் இருக்கிறது. நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரை ஆர்.ஓ. முறையில் குடிநீராக்கித் தென்சென்னைக்கு அனுப்புகிறார்கள். நாம் அந்தத் தண்ணீரில் திரும்ப உப்பைப் போட்டுக் கடல்நீராக்குகிறோம்! இதை யோசித்தால் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். குழாய்த் தண்ணீரை நேரே தொட்டியில் ஊற்றாதீர்கள். நம் ஊர்ச் சூட்டில் தொட்டியிலிருந்து தினமும் லிட்டர் கணக்கில் தண்ணீர் ஆவியாகும், மின்விசிறி வைத்தால் இன்னும் கூடும். ஆவியாவது வெறும் தண்ணீர். அதில் கரைந்திருந்ததெல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடும். மரக்காணம் உப்பளத்தில் நடப்பதே இங்கேயும் நடக்கிறது. தினம் மூன்று லிட்டர் குழாய்த் தண்ணீர் விட்டு ஈடுகட்டினால், அதிலுள்ள சிலிக்கேட்டும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நாளுக்கு நாள் குவியும். புதுத் தொட்டியில் முதல் மாதம் மணல் மேல் பழுப்புத் தூசி மாதிரி படிகிறதே, அது டயாட்டம். சிலிக்கேட் அதற்குத் தீனி.

"எங்கள் வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறதே" என்பீர்கள். சமையலறை ஆர்.ஓ.க்களில் பலவற்றில் டிடிஎஸ் கண்ட்ரோலர் என்று ஒன்று இருக்கும். ருசிக்காக, வடிகட்டாத தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்பக் கலந்துவிடும். சிலவற்றில் தாதுக்களைச் சேர்க்கும் கேட்ரிட்ஜும் இருக்கும். குடிக்க நல்லது, தொட்டிக்கு ஆகாது. சர்வீஸ் செய்ய வருகிறவரிடம் சொல்லி, மெம்ப்ரேனுக்கு அடுத்து, இந்தச் சமாச்சாரங்களுக்கு முன்னால், தனியாக ஒரு குழாய் எடுக்கச் சொல்லுங்கள். அதன் பின்னால் ஒரு டி.ஐ. ரெசின் குப்பி மாட்டினால் டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டும். மீட்டர் 5-ஐத் தாண்டினால் ரெசினை மாற்ற வேண்டும். தினசரி ஈடுகட்ட உப்பில்லாத இந்தத் தண்ணீரைத்தான் விட வேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல. உப்பு ஆவியாகவில்லையே!

திருவான்மியூர், பெசன்ட் நகரில் குடத்தில் பிடித்துவரலாமா என்று ஒரு தம்பி கேட்டார். அடையாறு கலக்கும் இடம் எவ்வளவு பக்கம் என்று பாருங்கள். அந்தத் தண்ணீரில் நாம் தேடித் தேடிக் குறைக்க நினைக்கும் உரம்தான் நிறைய இருக்கும். வேண்டாம்.

இரண்டாவது வழி, தீனி. பெரும்பாலான வீடுகளில் குற்றவாளி இதுதான். காலையில் பிள்ளை ஒரு சிட்டிகை போடும். மத்தியானம் பாட்டி, பாவம் பசிக்குமே என்று ஒரு சிட்டிகை. சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து நீங்கள் ஒன்று. பாசம் கூடினால் பாசி கூடும், அவ்வளவுதான் கணக்கு. மீன் ஒன்றிரண்டு நிமிடத்தில் தின்று முடிப்பதை மட்டும் போடுங்கள். உறைந்த தீனியை அப்படியே போடாமல், வலைக்கரண்டியில் வைத்து ஆர்.ஓ. தண்ணீரில் அலசிப் போடுங்கள். அந்தச் சாற்றில் பாஸ்பேட் அதிகம். வீட்டில் தீனி போடும் பொறுப்பு ஒரே ஆளிடம் இருக்கட்டும்.

போட்டது போகக் கழிவை எடுக்க ஸ்கிம்மர் உதவும். வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றுவதும் உதவும். என் சொந்த விருப்பத்தைச் சொல்வதானால், கீழே சம்ப்பில் ஒரு தடுப்பில் சீட்டோ என்ற பாசியை வளர்ப்பதுதான். சிக்கலெடுக்காத தலைமுடி மாதிரி உருண்டையாக வளரும். அதற்கு ஒரு சின்ன விளக்கை, மேல் தொட்டியில் இருட்டாக இருக்கும் ராத்திரி நேரத்தில் எரியவிடுங்கள். மேலே மண்ட வேண்டிய உரத்தை இது கீழே உட்கார்ந்து தின்றுவிடும். மாதம் ஒருமுறை பாதியை அறுத்து எறிந்தால், உரமும் அதோடு வெளியே போய்விடும். ராத்திரியில் பிராணவாயு குறைவதையும் இது ஓரளவு ஈடுகட்டும்.

சோதனைப் பெட்டி வாங்கியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தொட்டி முழுக்கப் பாசி, ஆனால் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யம் என்று காட்டினால், தண்ணீர் சுத்தம் என்று அர்த்தமில்லை. இருந்ததையெல்லாம் பாசி ஏற்கெனவே தின்றுவிட்டது. இன்னொன்று: பூஜ்யம் நம் இலக்கே அல்ல. நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருந்தால் போதும். கடையில் விற்கும் பாஸ்பேட் உறிஞ்சியை அள்ளிப் போட்டு ஒரே வாரத்தில் துடைத்து எடுத்தால் பவளம் வெளிறிப்போகும். அதோடு, வேறெதுவும் வாழ முடியாத அந்த வெறுமையில் டைனோ என்ற பழுப்புச் சளி, குமிழி குமிழியாகப் பிடித்துக்கொள்ளும். பச்சைப்பாசியை விட அதை ஒழிப்பது பெரும்பாடு.

சரி, விளக்குக்கு வருவோம். விளக்கு பாசியைத் தீர்க்காது என்றேனே தவிர, எப்படி வேண்டுமானாலும் போடலாம் என்று சொல்லவில்லை. மொத்தம் 10 மணி நேரம் போதும்: இரண்டு மணி நேரம் மெல்ல ஏறி, ஆறு மணி நேரம் முழு வெளிச்சம், இரண்டு மணி நேரம் இறங்கி. வாட்ஸ் கணக்கைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரே வாட்ஸில் இரண்டு விளக்கு இரண்டு விதமாக எரியும். பவளம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதை அளக்கும் பார் மீட்டர் உண்டு. விலை அதிகம், நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றுக்கு விடலாம். மென்பவளங்களுக்கு 50 முதல் 150 வரை போதுமானது. புது எல்.ஈ.டி. மாட்டினால் முதல் நாளே முழு அளவில் வைக்க வேண்டாம். பாதியில் ஆரம்பித்து வாரம் பத்து சதவீதமாக ஏற்றுங்கள். வருடக்கணக்காக நிழலில் இருந்தவனைச் சித்திரை வெயிலில் நிறுத்தினால் என்ன ஆகுமோ அதுதான் பவளத்துக்கும் ஆகும்.

டைமரை மறக்காதீர்கள். ஆனால் சக்கரம் சுற்றும் பழைய ரக டைமர் வேண்டாம். மின்சாரம் போனால் அதுவும் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் அன்றிலிருந்து உங்கள் தொட்டியில் இரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் விடியும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள். கிழக்குப் பார்த்த ஜன்னலோரம் தொட்டி வைத்திருப்பவர்கள் திரை போடுங்கள். காலை வெயில் நீங்கள் கணக்கில் சேர்க்காத ஒரு விளக்கு.

சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தண்ணீர் 25 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மே மாதம் நம் வீட்டு ஹாலே 33-ஐத் தொடும். மின்விசிறி இரண்டு மூன்று டிகிரிதான் குறைக்கும். சில்லர் வாங்க வசதியில்லை, பகலில் ஏ.சி.யும் ஓடாது என்றால், பவளம் வாங்காதீர்கள்.

வந்துவிட்ட பாசியை எப்படி எடுப்பது? குருசடையில் எடுத்த மாதிரிதான், கையால். தண்ணீர் மாற்றும்போது குழாய் வைத்து உறிஞ்சிக்கொண்டே பிய்த்தால் துண்டுகள் பரவாது. பிறகு டர்போ நத்தைகள் மிச்சத்தை மேய்ந்துகொள்ளும். தாமிரம் கலந்த மருந்து எதையும் ஊற்றாதீர்கள். பாசிக்கு முன்னால் நத்தையும் பவளமும் செத்துவிடும். மூன்று நாள் விளக்கை முழுக்க அணைத்துத் தொட்டியை மூடிவைப்பதும் ஒரு முறை. சிவப்புச் சளி மாதிரி வரும் சயனோவுக்கு நன்றாகக் கேட்கும், முடிப்பாசிக்கு அவ்வளவாகக் கேட்காது. சாகும் பாசி அழுகி பிராணவாயுவைத் தின்னும் என்பதால் அந்த மூன்று நாளும் காற்றுப் பம்ப் ஓட வேண்டும்.

இதை மட்டும் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். கல்லில் பாசி பிடித்தால் எடுத்து வெந்நீரில் கொதிக்கவைக்கலாம் என்று யாராவது சொன்னால் செய்யாதீர்கள். பொத்தான் மாதிரி இருக்கும் ஸோவாந்தஸ் இனத்தில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கடும் விஷம் உண்டு. கொதிக்கும்போது ஆவியோடு அது வீட்டுக்குள் பரவும். குடும்பம் முழுவதுமே மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன. தொட்டிக்குள் கை விடும்போது கையுறை போடுங்கள். பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள்.

கரண்ட் போனால் பலர் முதலில் விளக்கைத்தான் இன்வெர்ட்டரில் மாட்டுகிறார்கள். வெளிச்சம் மூன்று நாள் இல்லாவிட்டாலும் பவளம் தாங்கும். தண்ணீர் அசையாமல் நின்றால், மீன் நெருக்கமாக உள்ள தொட்டி சில மணி நேரம்கூடத் தாங்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் எத்தனை நாள் இருட்டில் கிடந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். ஐப்பசி பிறப்பதற்குள் வாங்கிவிடுங்கள்.

கடைசியாகச் சட்டம். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியலில், 2001 முதல் கல்பவளம் எல்லாமும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல்விசிறி ஆகியவையும் இருக்கின்றன. கடல் அட்டையும் கடல்குதிரையும்கூட. மீறினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. கடலில் எடுத்த லைவ் ராக் என்பதும் பெரும்பாலும் பவள எலும்புதான். கொளத்தூர் சந்தையில் பீங்கான் கல், வார்த்த கல் கேட்டு வாங்குங்கள். ஆறு வாரத்தில் அதிலும் நல்ல பாக்டீரியா குடியேறிவிடும். மென்பவளம் வாங்கினாலும் எங்கிருந்து வந்தது என்ற ஆவணத்தையும் ரசீதையும் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் வனத்துறையில் விசாரித்துவிட்டு வாங்குங்கள். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவு என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்து எடுத்து, அதில் இரண்டு தீவு தண்ணீருக்குள் போயே விட்டன. மிச்சமிருப்பதில் ஒரு துண்டு நம் லிஃப்ட் வாசலுக்கு வந்துவிடக் கூடாது.

அந்த லிஃப்ட் வாசல் தொட்டி பற்றி என் கருத்து: பவளம் வேண்டாம். அங்கே விளக்கு 24 மணி நேரமும் எரிகிறது, காவலருக்கு அது வேண்டும். ஏ.சி. இல்லை. போகிறவர் வருகிறவர் எல்லோரும் தீனி போடுவார்கள். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் பாசியைத் தவிர வேறெதுவும் செழிக்காது. ஆசைப்பட்டால் நன்னீர்த் தொட்டி வைப்போம், மூன்று பக்கமும் தடுப்பு வைத்து, மூடிக்குப் பூட்டுப் போட்டு. சாவி ஒருவரிடம் மட்டும். அந்த ஒருவர் யார் என்று முடிவான பிறகு தொட்டி வாங்கலாம்.

பார் மீட்டர் சேர்ந்து வாங்க விருப்பமுள்ளவர்கள் அலுவலகப் பதிவேட்டில் பெயர் எழுதிவையுங்கள். டிடிஎஸ் மீட்டர் என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் உங்கள் ஆர்.ஓ. தண்ணீரை ஒரு டம்ளரில் கொண்டுவந்தால் அளந்து சொல்கிறேன்.